கட்டுச்சோறில்லா யாத்திரை

ஆண்டுதோறும் ஆனி, ஆடித் திங்கள்களிலே எங்கள் வினாயகபுரத்து வீதி வழியே கதிர்காம யாத்திரிகர் நடந்து செல்வர். வடக்கேயிருந்து பல நாள் நடந்து வந்தவர்கள், திருக்கோவிலிலே சித்திர வேலாயுத சுவாமியை வழிபட்டு, பொத்துவிலைக் கடந்து, உகந்தையை அடைவர். உகந்தைக்கு அப்பால் வீடில்லை, கடையில்லை. குமணைக் காடே உண்டு. ஆகவே அங்கே மூட்டையை அவிழ்த்து, அரிசியும் பருப்பும் தண்ணீரும் போதுமா என்று கணக்கிட்டு, குறைந்தவற்றைச் சேர்த்துக்கொண்டே காட்டினுள் அடியெடுத்து வைப்பர். எத்துணைப் பக்தி மிகுந்தவராயினும் கட்டுச்சோற்றை மறப்பவர் இலர்.

இவ்யாத்திரிகரைக் காணுந்தோறும் மற்றொரு யாத்திரை என் நினைவில் எழுகின்றது. 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பின் விலைவாசி, முந்திய ஆண்டின் அதே மாதத்தினும் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது வீதம் உயர்ந்து நின்றது. அந்நாள் தொட்டுக் கற்ற இளைஞரிடையே கடல் கடக்கும் வேட்கை இக்கரையோர ஊர்களிலே பெருகியுள்ளது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வெளிநாட்டுக் கல்விக்கு வழிகாட்டுவதாகக் கூறும் விளம்பரங்களைக் காணாது வீதியிற் செல்லல் அரிது. வணிகமும் முகாமைத்துவமும் பயின்றவர் பலர் நிதியியலிலோ பொருளியலிலோ முதுமாணிப் பட்டம் பெற விழைகின்றனர். விழைவு நன்றே. ஆனால், அவர்கள் எதனை மூட்டையிற் கட்டிக்கொண்டு செல்கின்றனர்? ஈண்டு நான் ஆராயப் புகும் வினா அதுவே.

தமிழ்ப் பண்டிதனுக்குப் பொருளியலில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. நான் கீழைத்தேயக் கலாசாலையொன்றிலே தொல்காப்பியமும் நன்னூலும் பாடங்கேட்டவன். முப்பது ஆண்டுகளாகப் பாடசாலையிலே தமிழ் கற்பித்து வருபவன். சில ஆண்டுகளுக்கு முன் நள்ளிரவில் வந்த தொலைபேசி அழைப்பொன்றே என்னை இவ்வாராய்ச்சியினுள் இழுத்தது.

அழைத்தவர் என் பழைய மாணவர். உயர்தரப் பரீட்சையிலே பொருளியலில் அதிவிசேட சித்தி பெற்றவர். பின்னர்ப் பட்டதாரியாகி வங்கியிலே உத்தியோகம் பார்த்தவர். தாயார் வயலை ஈடுவைத்துக் கொடுத்த பணத்தோடு, நிதியியல் பயிலப் பிரித்தானியாவுக்குச் சென்றிருந்தார். ஆங்கிலப் பரீட்சையிலே, வேண்டிய புள்ளிக்கு மேலாகவே பெற்றிருந்தார். எனினும் அங்கே அவர் சமர்ப்பித்த முதற் கட்டுரை ஏற்கப்படவில்லை. பாடநூலொன்றின் பத்திகள் சொல் மாறாமல் அதிலே கிடந்தன. எடுத்த இடம் குறிக்கப்படவில்லை. பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டினார் என்பது அவர்மீது வந்த குற்றச்சாட்டு.

"ஐயா, நான் களவெடுக்கவில்லை; பாடமாக்கியதைத்தான் எழுதினேன். மழையைப் பற்றி நீங்கள் எழுதித் தந்த கட்டுரையை ஒரு சொல் தவறாமல் எழுதியதற்கு எனக்குப் பரிசு தந்தீர்களே!" என்றார்.

அவர் குரலிலே கோபமில்லை, வியப்பே இருந்தது. எனக்கோ விடை கூற நா எழவில்லை. அவர் கூறியது உண்மை. அப்பரிசை என் கையாலேயே கொடுத்தேன்.

எழுத்து

நம் பாடசாலைகளிலும், அவற்றினும் மேலாகத் தனியார் வகுப்புக்களிலும், ஆசிரியர் குறிப்புச் சொல்ல மாணவர் எழுதுவர். எழுதியதை மனனஞ் செய்வர். மனனஞ் செய்ததைப் பரீட்சைத் தாளிலே இறக்கி வைப்பர். இறக்கி வைத்தவருக்கே புள்ளி கிடைக்கின்றது. இதனை நாம் கல்வி என்று கூறிப் பழகிவிட்டோம். மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிலோ இதே செயல் ஒழுக்கக் குற்றமாகும். மாணவர் சமர்ப்பிக்கும் கட்டுரையை வேறு எழுத்துக்களோடு ஒப்பிட்டுக் காட்டும் டேர்னிற்றின் போன்ற கணினிப் பொறிகளை அவர்கள் வைத்துள்ளனர். நம் மாணவர் அங்கே சென்று ஒரே இரவில் இயல்பை மாற்றிக்கொள்ளல் வேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

இது மேனாட்டார் புதிதாகக் கண்ட ஒழுக்கமுமன்று. நன்னூலார் மாணாக்கரைப் பகுக்குமிடத்து, அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கருக்கு உவமை கூறினார். மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கருக்கே கூறினார். சொன்னதைச் சொல்லுங் கிளிக்கு அவர் முதலிடம் அளிக்கவில்லை, நாமே அளித்தோம். நூல் செய்வோன் கொள்ளத்தக்க மதம் ஏழு என்று வகுத்தவரும் அவரே. பிறர் கொள்கைக்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுத்தல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றங் காட்டல், பிறிதொன்றோடு படாது தன் மதங் கொள்ளல் என அவற்றின் பொருளை உரைக்கலாம். முதுமாணி மாணவரிடம் ஆய்வுக் கட்டுரையிலே கேட்கப்படுவது இதனின் வேறன்று. பணவீக்கத்துக்குக் காரணம் பணத்தின் பெருக்கமா, பொருளின் தட்டுப்பாடா என்று இருவர் மாறுபட்டால், எவர் பக்கம் நிற்கின்றாய், எந்தச் சான்றினால் நிற்கின்றாய் என்றே அங்கே வினவுவர்.

எடுத்த இடத்தைக் குறித்தல் என்பதும் நமக்குப் பழையதே. தொல்காப்பியனார் முன்னோர் கருத்தைக் கூறுமிடந்தோறும் 'என்ப', 'என்மனார் புலவர்' என்று அது தம்முடையதன்று எனக் காட்டிச் செல்கின்றார். இவற்றையெல்லாம் நான் ஆண்டுதோறும் இலக்கண பாடமாக நடத்தினேன். மாணவரும் பட்டியலாகப் பாடமாக்கினர். அவர்களின் கட்டுரைப் பயிற்சியிலே ஒருநாளேனும் அவற்றைக் கையாளச் செய்தேனல்லேன். என் குறை அதுவே.

எண்

வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் கண்ணெனக் கூறியபோது எண்ணையே முன்வைத்தார். முதுமாணி வகுப்பினுட் புகும் நம் மாணவர் முட்டி நிற்குமிடமும் பெரும்பாலும் அதுவே. நம் நாட்டு உயர்தர வகுப்பிலே வணிகத்துறையை எடுப்பவர் பொருளியல், கணக்கீடு, வணிகக் கல்வி ஆகிய மூன்றோடு அமைந்துவிடலாம். கணிதத்தைப் பலர் சாதாரண தரத்தோடு கைகழுவி விடுகின்றனர். 'கணிதம் வராது, ஆகவே வணிகம் படி' என்று அறிவுரை கூறும் ஆசிரியரும் பெற்றோரும் இன்றும் உளர். நானும் அங்ஙனம் கூறியதுண்டு.

வெளியே நிலைமை யாது? 1952இல் ஹரி மார்க்கோவிற்ஸ் முதலீட்டைப் பல பங்குகளிலே பகிர்ந்து வைக்கும் முறையை நிகழ்தகவுக் கணக்காகவே எழுதினார். 1973இல் பிளாக், ஷோல்ஸ் என்னும் இருவர் பங்குத் தெரிவுரிமைகளுக்கு விலை காணும் சமன்பாட்டை வெளியிட்டனர். அதன்பின் நிதியியல் கணிதத்தின் ஒரு கிளை போலவே வளர்ந்துள்ளது. பொருளியலும் அவ்வாறே. வகையீடு, தாயங்கள், நிகழ்தகவு, புள்ளிவிபரவியல் ஆகிய நான்கும் அறியாதவர் முதுமாணி விரிவுரையின் முதற்கிழமையிலேயே தடுமாறுவர். இலண்டன் பொருளியற் கல்லூரியிலே பொருளியல் முதுமாணி வகுப்புத் தொடங்குமுன் செப்டெம்பரிலே கணிதமும் புள்ளிவிபரவியலும் கற்பிக்கும் அறிமுக வகுப்பு நடைபெறுகின்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் தவணைக்கு முன் கணிதப் பயிற்சி உண்டு. இவை அறிந்ததை நினைவூட்டும் வகுப்புக்கள். அறியாததை அடியிலிருந்து கற்பிக்கும் வகுப்புக்களல்ல. உகந்தையில் மூட்டையைச் சரிபார்க்கலாம். அங்கே நெல் விதைத்து அறுத்துக்கொண்டு புறப்பட இயலாது. அடிப்படை குன்றியவருக்கென ஓராண்டுப் பட்டப்பின் தகைமைப் பாடநெறிகளை நடத்தும் பல்கலைக்கழகங்களும் உள. அவற்றிற் சேர்வது இழிவன்று. ஆயின் அதற்கும் ஓராண்டுப் பணம் வேண்டும். 2025ஆம் ஆண்டிலே ஒரு பவுணுக்கு ஏறக்குறைய நானூறு ரூபாய் கொடுத்த நமக்கு அந்த ஓராண்டின் கனம் எத்தகையது என்பதை வாசகர் அறிவர்.

ஆதலால் கணிதத்தை ஊரிலேயே, செலவு குறைந்த காலத்திலேயே கற்றல் வேண்டும். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஓராண்டிலே உயர்தர இணைந்த கணிதத்தின் வகையீட்டுப் பகுதியையும் அடிப்படைப் புள்ளிவிபரவியலையும் முடிக்கலாம் என்று கணித ஆசிரியர்கள் எனக்குக் கூறினர். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் போன்றவை தம் பாடங்களைக் கட்டணமின்றி இணையத்திலே வைத்துள்ளன. ஒரு கிராமத்து மாணவருக்கு இவ்வளவு வாய்ப்பு முன்னெக்காலத்திலும் இருந்ததில்லை.

தமிழும் எண்ணும் ஒருவரிடத்திற் கூடாதென்பார்க்கு விடையாக நின்றவர் இக்கரையிலேயே பிறந்தார். காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலே தேறினார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1947இல் அரங்கேறிய அவருடைய யாழ் நூல், சுரங்களின் அளவைக் கணக்கினால் ஆராய்வது. பண்டிதரானமையால் அவர் எண்ணை விட்டாரல்லர்.

மண்

எண்ணும் எழுத்தும் அமைந்தாலும் மூன்றாவதொன்று வேண்டும். அது, தான் கேட்க வேண்டிய வினாவைத் தன் மண்ணிலிருந்து எடுத்துச் செல்லல்.

பொருளியலிலே 'எல்லை' என்றொரு சொல்லுண்டு. எல்லைச் செலவு, எல்லை உற்பத்தி என்று நம் நூல்கள் கூறும். தமிழ்நாட்டார் இதனை 'இறுதிநிலை' என்பர். இன்னும் ஓரலகு கூட்டினால் எவ்வளவு கூடும் என்பதே அதன் பொருள். மாணவர் வரைவிலக்கணத்தைத் தவறின்றி ஒப்புவிப்பர். உதாரணம் கேட்டால் பாடநூலிலுள்ள ஆப்பிளையே கூறுவர். அவருடைய தந்தையாரோ, ஏக்கருக்கு முதல் மூட்டை யூரியா எவ்வளவு விளைவு கூட்டும், இரண்டாவது எவ்வளவு கூட்டும், எத்தனையாவது மூட்டையோடு கூட்டுவது நின்றுவிடும் என்பதை வட்டையிலே நின்று விரல்விட்டுச் சொல்லுவார். அவர் சொல்லுவதே எல்லை உற்பத்தி. அதனைக் கணித மொழியில் எழுதினால் அதுவே வகையீடு.

2021ஆம் ஆண்டு மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரிலே தடை தளர்ந்தபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. உரமோ உரிய வேளையிற் கிட்டவில்லை. அப்போகத்து நெல் நாடெங்கும் குறைந்தது. நெல்லே செல்வமான அம்பாறை மாவட்டம் அதன் வலியை நன்கு அறியும். ஒரு மூட்டை குறைந்தால் எவ்வளவு விளைவு குறையும் என்ற கணக்கை உழவர் அறிந்திருந்தனர். அதனை அட்டவணையாக்கி, ஆங்கிலத்திலே எழுதி, அதிகாரமுள்ள மேசைமீது வைக்கத்தக்கவர் அவர்களிடையே போதிய அளவில் இருந்தனரா? நம் பிள்ளைகள் பொருளியல் பயில வேண்டியதன் காரணத்தை நான் இதிலே காண்கின்றேன்.

நிதியியலுக்கும் ஊரிலேயே அரிச்சுவடி உண்டு. இருபது பேர் மாதம் ஐயாயிரம் ரூபாய் கட்டும் ஏலச்சீட்டிலே, அவசரக்காரர் ஒருவர் ஓரிலட்சத்தை எண்பதாயிரத்துக்குக் கூறி எடுக்கின்றார். இன்றைய பணத்துக்கும் நாளைய பணத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு அவர் இருபதாயிரம் விலை கொடுக்கின்றார். நிகழ்காலப் பெறுமதி என்னும் பாடம் இதுவே. விளையுமுன்னரே நெல்லுக்கு விலைபேசி முற்பணம் பெறும் உழவர், பின்னாள் விலையை இன்றே தீர்க்கும் ஒப்பந்தம் செய்கின்றார். சாய்ந்தமருதிலும் கல்முனையிலுமுள்ள முஸ்லிம் வணிகர், வட்டியை விலக்கி, ஒருவர் முதலும் மற்றவர் உழைப்புமாக இலாபத்தைப் பங்கிடும் முழாரபா முறையை அறிவர். இத்துறைக்கென்றே மலேசிய மத்திய வங்கி 2005ஆம் ஆண்டிலே உயர்கல்வி நிலையமொன்றை நிறுவியது. இவற்றைக் கண்டு வளர்ந்த பிள்ளை வெறுங்கையோடு செல்வதில்லை; கையிலுள்ளதை அறியாமலே செல்கின்றது.

புலமைப்பரிசில் தருவோரும் இதனையே தேடுகின்றனர். பிரித்தானியாவின் செவனிங் பரிசில், விண்ணப்பதாரர் இரண்டாண்டு வேலை அனுபவம் உடையராதல் வேண்டுமென்பதோடு, ஏன் இப்பாடம், திரும்பி வந்து என்ன செய்வாய் என்றும் எழுதுவிக்கின்றது. தரகர் எழுதிக் கொடுத்த விடையைப் படிக்கும் தேர்வாளர், அதே விடையை வேறு பலரிடமும் கண்டிருப்பார்.

ஆங்கிலம் பற்றி ஒரு சொல்

என் நண்பரான ஆங்கில ஆசிரியர் இதனையெல்லாம் கேட்டு, "பண்டிதர் ஐயா, பிள்ளைக்கு முதலில் ஆங்கிலம் வேண்டும்; மற்றவை தாமாக வரும்" என்றார். முற்பகுதிக்கு நான் உடன்படுகின்றேன். ஆங்கிலமின்றி இந்த யாத்திரை இல்லை. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையிலே ஆறரையோ ஏழோ கேட்கின்றனர். அதனைப் பெற்றே ஆகவேண்டும். பிற்பகுதியை மறுக்கின்றேன். ஆங்கிலம் வண்டி, சுமை வேறு. நள்ளிரவில் என்னை அழைத்த மாணவர் ஆங்கிலத்தில் தோற்றவரல்லர். தமிழிலே பாடமாக்கியவர் ஆங்கிலத்திலும் பாடமாக்கினார், அவ்வளவே. தமிழிலே ஒரு கருத்தைத் தம் சொல்லால் விளக்க இயலாதவர், ஆங்கிலத்திலே பிறர் சொல்லையே நாடுவர்.

இரண்டையும் இணைக்க எளிய வழியொன்றுண்டு. நம் மத்திய வங்கியின் ஆண்டுப் பொருளாதார அறிக்கைகள் மும்மொழியிலும் வெளிவருகின்றன. ஒரே அத்தியாயத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்துக் கற்கலாம். கேள்வி, நிரம்பல், நெகிழ்ச்சி, சென்மதி நிலுவை ஆகிய சொற்களுக்கு நேரான ஆங்கிலச் சொற்களும், நாட்டின் உண்மையான எண்களும் ஒருங்கே வந்து சேரும். 1995ஆம் ஆண்டிலிருந்து இப்பகுதிக்கு வாய்த்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கின்றது. நூலகத்துக்கும் அறிஞருக்கும் கொழும்பை நோக்க வேண்டியதில்லை.

முடிவாக

என் மாணவர் அக்கட்டுரையைத் திருப்பி எழுத அனுமதி பெற்றார். குறைந்த புள்ளியோடு தேறி, பட்டமும் பெற்றார். வயல் மீண்டுவிட்டதாக அவர் தாயார் சென்ற ஆண்டிலே கூறினார். அவர் உறுதியினால் தப்பினார். எல்லாரும் தப்புவர் என்பதற்கில்லை.

அவ்வழைப்புக்குப் பின் நான் மாதிரிக் கட்டுரை எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். முதலாண்டிலே என் வகுப்பின் தமிழ்ப் புள்ளிகள் குறைந்தன. பெற்றோர் சிலர் வந்து, மற்ற ஆசிரியர் கொடுக்கும் குறிப்பை நீங்கள் ஏன் கொடுப்பதில்லை என்று வினவினர். பரீட்சை மாறாதிருக்க ஆசிரியன் மட்டும் மாறுவது பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு. ஆகவே ஒரு கட்டுரை பரீட்சைக்கு, ஒரு கட்டுரை தமக்கு என்று இரண்டு எழுதச் சொல்லுகின்றேன்.

சென்ற தவணையிலே மாணவியொருத்தி தனக்கென எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்தாள். அவள் தாயார் நுண்கடனாக ஐம்பதாயிரம் ரூபாய் பெற்று, கிழமைக்கு ஆயிரத்திருநூறாக ஐம்பது கிழமை கட்டியவர். வட்டி இருபது வீதம் என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பிள்ளை ஒவ்வொரு கிழமையும் மீதியாயிருந்த முதலைக் கோடிட்டு எழுதியிருந்தாள். முதல் கிழமைதோறும் குறைந்துகொண்டே போக, வட்டி மட்டும் முழுத் தொகைக்கும் அறவிடப்பட்டதைக் கண்டாள். சராசரியாக அம்மாவின் கையிலிருந்தது ஐம்பதாயிரத்தின் பாதியே. ஆகவே உண்மையான வட்டி நாற்பது வீதத்தை அணுகுகின்றது என்று முடித்திருந்தாள். ஓரிடத்திலே, 'இவ்வழியைக் கணித ஆசிரியர் காட்டினார்' என்றும் குறித்திருந்தாள்.

சந்திப் பிழை ஏழு இருந்தன. சிவப்பு மையினால் திருத்தினேன். பின்னர் அவளை அழைத்து, உயர்தரத்திலே கணிதத்தை விட்டுவிடாதே என்று கூறினேன்.